எப்ப ஸ்டார்ட் ஆவுது, சார்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது என்று வானிலை ஆய்வு மையம் அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். என் கார் சொல்லிவிடும். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை சாவியைத் திருகினால், வழக்கமான ‘கிர்... ட்ரூம்’ வராது. ‘கிர்ர்... கிர்ர்... கிர்ர்ர்’ என்று முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். உடனே நான் பரண் மேலிருந்து குடையை இறக்கிவிடுவேன். ரேடாரும் வேண்டாம், சாட்டிலைட்டும் வேண்டாம்.

என்ன கார் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அதன் மானம் போய்விடும். வயசான காலத்தில் அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா? அடையாளம் மட்டும் சொல்கிறேன். 1988 மாடல். பெட்ரோல். கார்புரேட்டர் உண்டு, சோக் உண்டு, கம்ப்யூட்டர் கிடையாது. இந்தத் தலைமுறையில் அம்பாஸடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனது. பத்மினி அதற்குப் பல வருஷம் முன்னாலேயே விடைபெற்றுக்கொண்டது. எஞ்சியிருக்கும் என் கார் போன்ற பெரியவர்களுக்கு ரோட்டில் இப்போது தனி மரியாதை. சிக்னலில் நின்றால் பக்கத்து பைக் இளைஞர் செல்போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொள்கிறார். “தம்பி, கொஞ்சம் தள்ளிவிட முடியுமா?” என்று கேட்டால் மட்டும் அவருக்குப் பச்சை விழுந்துவிடுகிறது.

வெயில் காலத்தில் இதைப் போல உத்தமமான வண்டி கிடையாது. மே மாதத்தில் பாதித் திருகலிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும். ஈரம்தான் ஒத்துக்கொள்ளாது. மழை கொட்ட வேண்டும் என்றுகூட இல்லை. ராத்திரி நாலு தூறல் போட்டு, விடிகாலையில் காற்று பிசுபிசுவென்று இருந்தாலே போதும். எங்கள் வீடு திருவான்மியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்காவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். அந்தக் காற்றைத்தான் காரும் சுவாசிக்கிறது.

ஒரு கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் தெருவில் நிபுணர்கள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ! மாடி வீட்டு ரிடையர்ட் பாங்க் மானேஜர் பல் தேய்த்தபடியே பால்கனிக்கு வந்து, “பாட்டரி போயிடுச்சு சார். யோசிக்காம மாத்திடுங்க” என்று நுரையோடு தீர்ப்பளித்தார். எதிர்வீட்டுக்காரர், “பாட்டரியெல்லாம் இல்லை, செல்ப் மோட்டார்” என்றார். இஸ்திரி வண்டிக்காரர், “பெட்ரோல்ல தண்ணி கலந்துக்கிச்சு சார்” என்றார். கோயம்புத்தூரிலிருந்து மைத்துனன், செல்போனை பானெட்டுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு (அப்படித்தான் இருக்க வேண்டும்) சத்தத்தைக் கேட்டுவிட்டு, “காயில் அத்தான், காயில்!” என்றான். எல்லோர் சொன்னதையும் மாற்றியிருந்தால் காரில் பழசாக மிஞ்சுவது ஹாரன் ஒன்றுதான்.

“பேசாம வித்துடுங்கப்பா” என்றாள் என் மகள்.

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் வேறு வைத்தியம் சொன்னாள். அம்மாவுக்கு வயது 81. “ஜலதோஷம்டா அதுக்கு. தலைக்குக் குளிச்ச குழந்தைக்குப் போடற மாதிரி கொஞ்சம் சாம்பிராணி போடு. சரியாப் போயிடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பெட்ரோல் வண்டிக்கு முன்னால் நெருப்புத் தணலை நீட்டினால் சரியாகப் போவது வண்டி மட்டுமல்ல, தெருவே போய்விடும் என்றார் பாங்க் மானேஜர். வாஸ்தவம்தான். ஆனாலும் இந்தச் சாம்பிராணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் கார் சமாசாரமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டு பஸ்ஸில் போயிருப்பேன். அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. காலை 6 மணி ஷிப்ட். 5.15-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். மழை பெய்யும் விடிகாலையில் வாடகைக் கார் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ‘3 நிமிஷத்தில் வரும்’ என்று செல்போன் சொல்லும். 3 நிமிஷம் கழித்து ‘7 நிமிஷம்’ என்னும். பிறகு டிரைவர் போன் பண்ணி, “எங்க சார் போகணும்?” என்று அன்பாக விசாரிப்பார். சொன்னதும் லைனும் போகும், காரும் போகும்.

டயாலிசிஸை, ‘இன்றைக்கு மழை, நாளைக்கு வருகிறேன்’ என்று தள்ளிப் போட முடியாது. ஒரு மெஷின், 4 மணி நேரம், அடுத்த ஷிப்ட்டுக்கு வாசலில் இன்னொருவர். நாம் தாமதமாகப் போனால் நம் நேரத்தில்தான் குறையும். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் சேர்கிற தண்ணீருக்கு லீவு நாள் கிடையாது. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கார் கிளம்பாமல் நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு ராத்திரி அம்மாவால் படுக்க முடியவில்லை. மூச்சு வாங்குகிறது என்று தலையணையை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விடிய வைத்தாள். அதற்குப் பிறகு யாரும் சாம்பிராணி ஜோக்குக்குச் சிரிக்கவில்லை.

பாட்டரி கடைக்கு நான் போகவில்லை. கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். ஒரு சந்தேகம்தான். காலை 5 மணிக்குச் செத்துப்போன அதே பாட்டரி, 12 மணிக்கு வெயில் வந்ததும் முதல் திருகலில் வண்டியை எழுப்புகிறதே, அது எப்படி?

எங்கள் பேட்டையில் புங்கமரத்தடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எழுபதைத் தாண்டிய பெரியவர். போர்டு கிடையாது. ஒரு மரப்பெட்டி, ஒரு பையன், ஒரு ரேடியோ. புதுக் கார்களை அவர் தொடுவதில்லை. “அதுக்கெல்லாம் லேப்டாப் வச்சிருக்கறவன் வேணும் சார்” என்பார். அவரிடம் போய் என் சோகக் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். எந்தெந்தத் தேதியில் கிளம்பவில்லை, எத்தனை தடவை திருகினேன், யார் யார் தள்ளினார்கள் எல்லாம் சொன்னேன். பெரியவர் ரேடியோவை அணைத்தார்.

“சார், வண்டி எப்ப ஸ்டார்ட் ஆவலைன்னு அரை மணி நேரமா சொன்னீங்க. எப்ப ஸ்டார்ட் ஆவுது? அத்தச் சொல்லுங்க.”

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்துச் சொன்னேன். வெயில் வந்த பிறகு ஆகிறது. ஒரு தடவை ஓடிச் சூடாகிவிட்டால், மழையிலேயே நிறுத்தி எடுத்தாலும் ஆகிறது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பிரச்னையே கிடையாது.

“அப்ப பாதி வேலை முடிஞ்சுது” என்றார். “நாளைக்கு விடிகாலைல வரேன். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க.”

சொன்னபடி வந்தார். சாவியைத் திருகச் சொன்னார். கிர்ர், கிர்ர், கிர்ர். “நல்லா வேகமா சுத்துது. பாட்டரியும் செல்ப்பும் ஓ.கே.” பாட்டரி இறங்கியிருந்தால் இழுத்து இழுத்துச் சுத்துமாம். ஹெட்லைட் போட்டுத் திருகினால் விளக்கு அணைகிற மாதிரி மங்கிப்போகுமாம். அடுத்து ஒரு பிளக்கைக் கழற்றி முகர்ந்து பார்த்தார். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தது. “பெட்ரோல் வருது. எரியத்தான் மாட்டேங்குது.”

இஸ்திரிக்காரரின் சந்தேகத்தையும் அவர் விடவில்லை. கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரமாக வைத்தார். இதையும் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தோம். பாட்டிலின் அடியில் தனிப் படலம் எதுவும் இல்லை. இஸ்திரிக்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

மிச்சமிருப்பது தீப்பொறி. இங்கேதான் கதையே.

பழைய பெட்ரோல் காரில் பாட்டரி தருவது 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு பிளக்கில் பொறி பறக்க வைக்க முடியாது. காயில் என்கிற சாதனம் அதைப் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேலே தூக்கிவிடுகிறது. அந்த மின்சாரத்தை வாங்கி, 1-3-4-2 என்று வரிசை தப்பாமல் நாலு பிளக்குக்கும் பரிமாறுவது டிஸ்ட்ரிபியூட்டர். பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது செகண்டுக்கு 100 பொறி. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் வகுத்த ஏற்பாடு இது. காடிலாக் கார்களில் 1910-ல் வந்தது. 1912-ல் அதே காடிலாக்குக்கு செல்ப் ஸ்டார்ட்டரும் கொடுத்து, கைப்பிடி போட்டுச் சுற்றுகிற வேலையிலிருந்து உலகத்தை விடுவித்தவரும் அவர்தான்.

பத்தாயிரம் வோல்ட்டுக்கு ஒரு கெட்ட குணம். சுலபமான வழி கிடைத்தால் அந்தப் பக்கம் போய்விடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பது சிரமம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேலே தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் எங்கள் ஊர் உப்பும் படிந்து, அதன்மேல் பனித்துளி மாதிரி ஈரம் உட்கார்ந்தால் அது ராஜபாட்டை. மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் மூடியின் மேலேயே ஊர்ந்து என்ஜின் இரும்பில் இறங்கிவிடும். தூசி மட்டும் இருந்தாலும் பாதகமில்லை, ஈரம் மட்டும் இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டும் சேர்ந்தால்தான் வினை.

“அப்புறம் ஏன் ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் தகராறு?” என்று கேட்டேன்.

“செல்ப் சுத்தறப்ப பாட்டரிய அது உறிஞ்சிடுது சார். பன்னெண்டு வோல்ட் பத்துக்கு வந்துடும். காயிலுக்குக் கஞ்சிதான் கெடைக்கும். அந்த நேரத்துல பொறியே வீக்கு. அதுலயும் பாதி வழியிலேயே ஒழுகிட்டா?” வண்டி ஒரு தடவை ஓடிவிட்டால் என்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்துவிடுகிறது. வெயில் வந்தாலும் காய்ந்துவிடுகிறது. பன்னிரண்டு மணி மர்மம் அவ்வளவுதான்.

“வீட்ல தலைக்குக் காத்தடிக்கற மிஷின் இருக்கா?”

என் மகள் ஹேர் டிரையரைத் தியாக உணர்வோடு கொண்டுவந்தாள். பெரியவர் பிளக்கைத் துடைத்து மாட்டி, சிந்தியதைத் துணியால் ஒற்றி, பெட்ரோல் வாசனை அறவே போகும் வரை பானெட்டைத் திறந்து போட்டுக் காத்திருந்தார். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும் பிளக் ஒயர்களுக்கும் ஐந்து நிமிஷம் சூடான காற்று. சாவியைத் திருகினேன். ‘கிர்... ட்ரூம்!’

வராந்தாவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நான் சொன்ன சாம்பிராணிதானேடா இது?”

யாரும் பதில் பேசவில்லை. பாங்க் மானேஜர் வாய் கொப்புளிக்க உள்ளே போய்விட்டார்.

வியாதி தெரிந்துவிட்டது. ஒழுகும் இடம் எது என்று தெரிய வேண்டுமே? அதற்கு இருட்டு வேண்டும் என்றார் பெரியவர். அன்று ராத்திரி எட்டு மணிக்கு தெருவில் கரண்ட் போனது. என் ஆயுசில் கரண்ட் போனதற்குச் சந்தோஷப்பட்டது அன்றுதான். என்ஜினை ஓடவிட்டு, இஸ்திரிக்காரர் சட்டைக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலை வாங்கி, மூடிமேலும் ஒயர்கள் மேலும் ஒரே ஒரு தடவை புகை மாதிரி அடித்தார். பளிச் பளிச்சென்று நீல நட்சத்திரங்கள்! மூன்றாம் நம்பர் பிளக் ஒயரிலிருந்து என்ஜினுக்கு ஒன்று, மூடியின் விளிம்பில் ஒன்று. என்ஜின் இருமி, குலுங்கி, நின்றது. தெருப் பிள்ளைகள் “ஒன்ஸ் மோர்!” என்று கை தட்டினார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் எச்சரிக்கையோடு. ஓடுகிற என்ஜினில் அந்த ஒயர்களைக் கையால் தொடாதீர்கள், உதறித் தள்ளும். பெட்ரோல் ஒழுக்கு இருந்தால் கிட்டேயே போகாதீர்கள். வேட்டி, துண்டு, துப்பட்டா எதுவும் பேன் பெல்ட் பக்கம் போகக்கூடாது. இருட்டில் பேன் கண்ணுக்குத் தெரியாது.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்பக்கம் பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு, ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு. “இதான் சார் கள்ளப் பாதை.” மின்சாரம் ஊர்ந்து ஊர்ந்து பொசுக்கிய கரிக்கோடு. இது விழுந்துவிட்டால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடி மூடி, ரோட்டர், நாலு ஒயர் வாங்கி வந்தேன். எல்லாம் சேர்ந்து புது பாட்டரி விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பெரியவர் பழைய ஒயரை ஒன்று கழற்றி, அதே இடத்தில் புதுசை மாட்டி, பிறகுதான் அடுத்ததைத் தொட்டார். மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டு எது எங்கே என்று தேடுகிறவர்கள்தான் ராத்திரி ஒன்பது மணி வரை தேடிக்கொண்டிருப்பார்கள். பாயின்ட்டைச் சுத்தம் செய்து இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தார். பாட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பூவைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினார். கூலி 300 ரூபாய்.

போகும்போது நாலு உபதேசம் செய்தார். வாரம் ஒரு முறை மூடியையும் ஒயர்களையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பானெட் மேல் சாக்கு போட்டு மூடாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்து செகண்டுக்கு மேல் விடாமல் செல்ப் அடிக்காதீர்கள், அரை நிமிஷம் ஓய்வு கொடுங்கள். பெட்ரோல் வாசனை தூக்கலாக வந்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

ஐந்தாவதாக ஒன்றை நானே சேர்த்துக்கொள்கிறேன். இதெல்லாம் ஈரத்துக்குத்தான், வெள்ளத்துக்கு அல்ல. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கார்கள் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தோம். என்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் சாவியையே தொடக்கூடாது. தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நேராக மெக்கானிக்தான்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராத்திரி முழுக்க மழை. 5.15-க்குத் திருகினேன். ‘கிர்... ட்ரூம்.’ 6 மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே அம்மா மெஷின் பக்கத்தில் படுத்தாகிவிட்டது.

அம்மாவுக்கு டயாலிசிஸ் நடுவில் கால் இழுத்துப் பிடிக்கும் தொந்தரவு உண்டு. மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று புதிதாக வந்த பெண் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டி, எந்த நாள்ல கால் இழுக்கிறதில்லை?” என்றார்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். “வெள்ளிக்கிழமையில இழுக்கிறதில்லைம்மா. எல்லாம் இந்தச் செவ்வாய்க்கிழமைதான்.”

டாக்டர் விளக்கினார். செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு 3 நாள், வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு 4 நாள். அந்த ஒரு நாள் தண்ணீரும் கூடச் சேர்ந்துவிடுகிறது. அத்தனையையும் அதே 4 மணி நேரத்தில் வேகமாக எடுக்கும்போது கால் இழுக்கிறது. ஞாயிறும் திங்களும் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். காபி, மோர், ரசம் எல்லாம் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும் என்றார். எடுக்கும் அளவையும் மறுபடி பார்த்து எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வைப்பர் ‘சரக் சரக்’கென்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரொம்ப நேரம் பேசாமல் வந்தாள். அடையாறு பாலத்தைத் தாண்டியதும் சொன்னாள்.

“இதையேதான்டா அந்த மெக்கானிக்கும் கேட்டான். பாவம், 300 ரூபாய்தானே வாங்கினான்? இன்னும் ஒரு நூறு சேர்த்துக் குடுத்துட்டு வா.”